காலி என்று நினைத்த சங்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் இப்போது நலம். அந்த ‘இப்போது’வைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை கடல் வற்றியிருந்த நேரம், பவளப்பாறையில் ஆராய்ச்சிக்காகச் சங்குகளை அளந்துகொண்டிருந்தேன். கையுறை போட்டால் பென்சில் பிடிக்க வராது என்று கழற்றிவிட்டேன். காலி என்று நினைத்து எடுத்த சங்குக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஓர் ஆக்டோபஸ். நண்டு தின்றுவிட்டுச் சுருண்டு கிடக்கும் சாதுதான். அதன் வீட்டுக்குள் நான்தான் கேட்காமல் கை வைத்தேன். உடம்பெல்லாம் நீல வளையங்கள் மின்னக் கடித்தது. வலிக்கவே இல்லை. சற்று நேரத்தில் உதடு மரத்தது. பிறகு கை, கால், மூச்சு.

அந்த விஷம் அறிவைத் தொடாது அம்மா. எல்லாம் காதில் விழுந்தது. படகோட்டி அண்ணன் என் வாயில் காற்றை ஊதிக்கொண்டே அழுதார்: “ஏய் ஊமக்கோட்டான், இப்பவாவது ஒரு வார்த்த பேசேன்! உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“போயிருச்சுப்பா, விட்ரு” என்றது ஒரு குரல்.

இருக்கிறேன் என்று காட்ட ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. நல்லவேளை, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அண்ணன் ஊதுவதை விடவில்லை.

மறுநாளே எழுந்துவிட்டேன். அப்பாவிடம் பூச்சிக்கடி என்று மட்டும் சொல். உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள.

படகுக்குக் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, அம்மா. நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இரு.

உன் மகள்