ஷொமாரி வீடு ஸ்டாப்

டாங்கா
7 மார்ச் 1999

ரெஹேமாவின் அம்மா அசுமினிக்கு ஸலாம்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படித்து முடி. நீ சமைக்கும் பள்ளிக்கூடத்தின் தபால் பெட்டிக்குத்தான் அனுப்புகிறேன், அந்த எண் ஒன்றுதான் மறக்கவில்லை.

போன சனிக்கிழமை தார் எஸ் ஸலாமுக்கு வந்தேன். டாலடாலா வேனில் ஏறி, கண்டக்டர் "ஷொமாரி வீடு!" என்று கத்தியதும் பெருமையாக இறங்கினேன். இறங்கினால் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மாடிக் கட்டடம், ஒரு கோழிக் கடை. நம் வீடு இல்லை, நம் தெருவே இல்லை.

கோழிக் கடைக்காரனிடம், "ஷொமாரி வீடு எங்கப்பா?" என்றேன்.

"இதான்."

"ஸ்டாப் இல்லப்பா, வீடு."

"வீடெல்லாம் கிடையாது பெரியவரே. ஷொமாரின்னு யாரோ பழைய காலத்து ஆளு. இந்நேரம் செத்திருப்பாரு."

நாற்பத்தோரு வயதில் பெரியவர் ஆனேன், செத்தும் போனேன். அங்கிருந்து வீட்டுக்குத் திசை தெரியாமல் டாங்காவுக்கே திரும்பிவிட்டேன். வீடு இருக்கிறதா, அசுமினி? நீங்கள் இருவரும் அதில்தான் இருக்கிறீர்களா?

ஷொமாரி


தார் எஸ் ஸலாம்
21 மார்ச் 1999

ரெஹேமாவின் அப்பாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். வீடு இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம். ரெஹேமாவுக்கு மேல் பல் இரண்டு விழுந்து முளைத்துவிட்டது, நீங்கள் அதைப் பார்க்கவில்லை.

ஸ்டாப் ஓடிப்போனதற்குக் காரணம் நீங்கள்தான். முன்பு டாலடாலாக்கள் நம் முற்றத்தில்தான் திரும்பும், பின்தெரு முழுவதும் அதன் வழியாகத்தான் நடக்கும். "என் காசுல வாங்கின மனை ஊருக்குப் பொதுவழியா?" என்று நீங்கள் சுவர் எழுப்பினீர்கள். தெரு அங்கேயே முட்டிக்கொண்டது. நீங்கள் போன பிறகு, வண்டி திரும்ப இடமில்லாமல், இரண்டு கிலோமீட்டர் தள்ளி அந்தப் பங்க்கில் திருப்ப ஆரம்பித்தார்கள். பெயரை மட்டும் விடவில்லை, கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இறந்துபோன பின்தெரு கோண்டோ மாமாவின் ஜனாஸாவைச் சுவருக்கு மேலே தூக்கிக் கைமாற்றினார்களே, சந்தூக்குப் பெட்டி சரிந்ததே, அன்று எல்லார் முன்னாலும் "இந்தச் சுவர இடிங்க" என்று நான்தான் கத்தினேன். மறுநாள் விடியும் முன் நீங்கள் டாங்கா பஸ்ஸில்.

வழி கேட்டதால் சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் இறங்குங்கள். தச்சுப் பட்டறைக்கும் முந்திரி மரத்துக்கும் நடுவில் ஒரு சந்து. நேரே வந்தால் நீல கேட்.

வரச் சொல்கிறேனா, வழி மட்டும் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

அசுமினி


டாங்கா
18 ஏப்ரல் 1999

அசுமினிக்கு,

வந்தேன். தொட்டி இருந்தது, முந்திரி மரம் இருந்தது. சந்து இல்லை. அந்த இடத்தில் ஒரு சுவர். மேஸ்திரி அல்லவா நான், தொட்டுப் பார்த்தேன், பூச்சு ஈரம்கூடக் காயவில்லை.

மழைச் சேற்றில் அரை நாள் சுற்றினேன். நுழைந்த சந்தெல்லாம் யாரோ ஒருவர் சமையல்கட்டில் போய் முடிந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்று "ஹோதி" என்று குரல் கொடுத்தேன். "கரிபு, உள்ள வாங்க" என்று ஒரு அம்மாள் கூப்பிட்டு, உகாலிக் களியும் கீரையும் வைத்தாள்.

"ஏம்மா, எல்லாருமே சுவர் எழுப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"யாரோ ஒரு மேஸ்திரி முதல்ல கட்டினாராம். அவரப் பாத்துத்தான் எல்லாரும். அந்த ஆளு கட்டிட்டு ஓடியே போயிட்டாரு!"

பெயரைச் சொல்லாமலே கை கழுவிக்கொண்டு எழுந்தேன்.

ஓரிடத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நம் கேட்டின் நீலம் தெரிந்தது. முப்பது அடி இருக்காது. உன் குரல் கேட்டது போலவும் இருந்தது. போகத்தான் வழியில்லை. உனக்கு வாங்கிய கங்கா துணியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறைக்காமல் சொல். சரியான வழியைத்தான் எழுதினாயா?

ஷொமாரி


தார் எஸ் ஸலாம்
9 மே 1999

ரெஹேமாவின் அப்பாவுக்கு,

சரியான வழிதான். நான் எழுதிய அன்று அந்தச் சந்து இருந்தது. உங்கள் கடிதம் வந்ததும் போய்ப் பார்த்தேன், இல்லை. இந்த ஊரில் எழுதின மை காய்வதற்குள் வழி அடைந்துவிடுகிறது, நான் என்ன செய்ய? நீங்கள் கேட்டது என் குரல்தான். ரெஹேமாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று தப்படி இடம் விட்டு வழி திறப்பதாம். "ரெஹேமா அம்மா, முதல் சுவர் உங்களுது. அது விழுந்தாத்தான் மத்ததும் விழும்" என்கிறார் பத்துவீட்டுத் தலைவர்.

அன்று இடிக்கச் சொல்லிக் கத்தியவள்தான் நான். ஆனால் அது உங்கள் கை கட்டியது. உங்களிடம் கேட்காமல் இடிக்க மனம் வரவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலை வரை தவணை வாங்கியிருக்கிறேன். வேண்டாம் என்று எழுதினால், ஊரே வைதாலும் நிறுத்திவிடுவேன். நீங்கள் எழுதவே இல்லை என்றால் அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

அசுமினி


டாங்கா
6 ஜூன் 1999

அசுமினிக்கு,

உன் கடிதம் இருபத்தேழாம் தேதிதான் கைக்கு வந்தது. எழுதினால் சேராது என்று மறுநாள் காலை நானே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஆறு மணி நேரம் யோசித்தும், இடி என்பதா வேண்டாம் என்பதா, முடிவுக்கு வரவில்லை.

வந்தபோது சுவர் விழுந்திருந்தது. என் கற்களை ஓரமாக அழகாக அடுக்கியிருந்தீர்கள். முற்றத்தின் வழியே ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள், நானும் அவர்களோடு நடந்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு மாண்டாசி பொரித்துக்கொண்டிருந்தாய். நின்றேன். பின்னால் தள்ளுவண்டிக்காரன் ஒருவன், "நடங்க பெரியவரே, வழிய மறிக்காதீங்க!" என்றான்.

என் முற்றத்தில், என்னைப் பார்த்து!

நடந்தேன். நிமிர்ந்தால் அந்தப் பக்கத்து ரோட்டில் நிற்கிறேன், எதிரே பஸ். ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. கங்கா துணி இப்போதும் என் பையில்தான் இருக்கிறது.

அன்று நான் வீட்டுக்கு வந்தேனா, கடந்து போனேனா? நீயே சொல்.

ஷொமாரி


தார் எஸ் ஸலாம்
20 ஜூன் 1999

ரெஹேமாவின் அப்பாவுக்கு,

கடந்துதான் போனீர்கள்.

உங்களைப் பார்த்தேன். உங்கள் நடை எனக்குத் தெரியாதா? எண்ணெய்ச் சட்டியை விட்டு நிமிரவில்லை, அவ்வளவுதான். அன்று முற்றத்தைத் தாண்டியவர்கள், முன்பின் தெரியாதவர்கள்கூட, "ஹோதி" என்று குரல் கொடுத்தார்கள். "கரிபு" சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது. குரல் கொடுக்காமல் போனவர் நீங்கள் ஒருவர்தான். அன்று ராத்திரி நான் அழுதேன்.

வண்டிகள் மறுபடியும் நம் முற்றத்தில் திரும்புகின்றன. கண்டக்டர்கள் "பழைய ஷொமாரி, புது ஷொமாரி" என்று இரண்டு ஸ்டாப் கத்துகிறார்கள். புதியது அந்தப் பங்க், அதில் இறங்கித் தொலைக்காதீர்கள்.

இனி நான் வழி எழுத மாட்டேன். வந்தால் வாசலில் நின்று ஒரு தடவை ஹோதி சொல்லுங்கள். உங்களைக் கண்டு என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் ஒரே ஒரு பதில்தான் பழக்கம்.

அசுமினி