பங்கைத் திருப்பிய வீடு

அன்பு மகள் துர்காதேவிக்கு அம்மா எழுதுவது. காளியம்மன் புண்ணியத்தில் இங்கன நடமாட்டமாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் மேலுக்குச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் தாயி, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மிளகாய் இந்த வருசம் பரவாயில்லை, வெள்ளாடும் குட்டி போட்டிருக்கிறது, அதிலெல்லாம் குறையில்லை. உன் அய்யாவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

தை மாசம் மிளகாய்ப் பழம் பறிக்கும்போது வரப்போரத்துக் கருவேல மரத்து மூட்டில் இரண்டு முயல் குட்டிகள் தனியாகக் கிடந்தனவாம். தாயில்லாப் பிள்ளைகள் என்று துண்டில் பொதிந்து தூக்கிவந்தார். நானும் உனக்குப் பால் புகட்டிய பாலாடையைத் தேடியெடுத்து ஆட்டுப்பால் புகட்டினேன். ஒன்று மறுநாளே போய்விட்டது, மற்றதும் தங்கவில்லை. மாட்டு டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, தாய் முயல் பகலில் குட்டிகளோடு இருக்காதுய்யா, நாய் நரி மோப்பம் பிடிக்கும் என்று தள்ளியே இருக்கும், பொழுது சாய்ந்ததும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும், அதுகள் அனாதை இல்லை என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் வயலுக்குப் போய்த் திரும்பியவர் சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டார். தாய் வந்துச்சு புள்ள, அந்த மரத்தடியையே சுத்திச் சுத்தி மோந்துக்கிட்டு நின்னுச்சு என்றார். உன்னை விமானம் ஏற்றிய அன்றுகூட அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து யார் கொல்லையில் பழம் பறித்தாலும் போய் நிற்கிறார், குட்டி கிடந்தா தொடாதீக, தாய் வரும் என்று. சிரித்தாலும் கேட்டுக்கொண்டார்கள். அதோடு நின்றிருக்கலாம். சிவராத்திரி கழிந்து சாமிக்கு முயல் அடிக்கிற பாரி வேட்டைக்கு ஊர் கூடியபோது, குட்டிக்குப் பால் கொடுக்கிற முயலை அடிக்க வேண்டாம், சாமிக்குச் சேவல் கொடுப்போம் என்று எழுந்து சொல்லிவிட்டார். சாமி கேக்குறத வேணாம்ங்க நீ யாருடா என்று உன் பெரியப்பாவே கேட்டார். வேட்டை நடந்தது. வழக்கம்போல வீட்டுக்கு வீடு பங்குக்கறி வந்தது, நம் வாசலுக்கு வந்ததை அய்யா வாங்கவில்லை. பங்கைத் திருப்பின வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஊர் வராது, உனக்குத் தெரியாததா. வைகாசியில் உன் கல்யாணம். ஒம் மக பந்தல்ல எவனும் கை நனைக்க மாட்டான், அடுத்த வேட்டைக்கு வலை பிடிக்கிறேன்னு கோயில்ல வச்சுச் சொல்லிரு, எல்லாம் சரியாப்போகும் என்றார் பெரியப்பா. நானும் கத்தினேன், ஒரு முயலுக்காகப் பெத்த மகளைச் சபையில்லாம நிறுத்தப் போறீகளா என்று. துண்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். உன் போனை அவர் எடுக்காதது கோபத்தால் இல்லை, பேச முகமில்லாமல்தான்.

நேற்றுப் பெரியப்பா வலையைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார். அய்யா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ ஒரு வார்த்தை கேட்டால் வலையைத் தூக்கிவிடுவார், உனக்காக எதையும் செய்கிற மனுசன். உன்னைக் கேட்கச் சொல்லத்தான் நானும் பேனாவை எடுத்தேன். இவ்வளவும் எழுதிய பிறகு மனசு வரவில்லை. கேட்டுவிடாதே தாயி.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, தலைக்கு எண்ணெய் வை. பந்தலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றாலும் நீ மகராசியாக வாழ வேண்டும்.

உன் அம்மா,
முருகேஸ்வரி