எல் போர்டு காருக்குள்ள பாடினது

மார்ச் 4

வேலைதான் பாக்கிறேன். பாட்டு வேலை இல்லன்னு யார் சொன்னா? காலைலேர்ந்து பெரியப்பா இதையேதான் மாத்தி மாத்திக் கேட்டார். "படிப்பையும் விட்டுட்டே. சரி, இப்ப என்னதான் பண்றே?" ராப் பண்றேன் பெரியப்பான்னேன். "அது எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?" இப்ப சொல்றேன்: மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணு. அப்பா வேலை பாக்கிற டிரைவிங் ஸ்கூல் கார் சும்மா நிக்கிற நேரம். அதுதான் எங்க ஸ்டுடியோ.

மூணு பேர் நாங்க. நான் எழுதிப் பாடறவன். பாலிடெக்னிக்கைப் பாதில விட்டதால என் பேரே 'பாதி'ன்னு ஆயிடுச்சு. தாளம் பண்றவன் ஜெராக்ஸ் கடையில நிக்கிறான், அதனால அவன் 'ஜெராக்ஸ்'. மூணாவது அக்கா. அதே பெரியப்பாவோட பொண்ணு. நாலு மாடி ஜவுளிக்கடையில மைக்ல அறிவிப்பு சொல்றா. "குழந்தையைத் தவறவிட்டவர்கள் தரைத்தளத்திற்கு வரவும்." அந்தக் குரலுக்கு ஊரே நின்னு கேக்கும். அவளும் குரூப்ல இருக்கான்னு பெரியப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அந்தக் கேள்விக்கு அவளும் பதில் சொல்லியாகணும்.

குரூப் பேர் 'ரெண்டு பிரேக்'. டிரைவிங் ஸ்கூல் கார்ல ஓட்டறவங்க காலடியில ஒரு பிரேக், பக்கத்துல அப்பா காலடியில இன்னொண்ணு. ஜெராக்ஸுக்குப் பேர் பிடிக்கல. பிடிக்கலன்னா வேற சொல்லுன்னேன். சொல்லல.

மார்ச் 9

நாலு கண்ணாடியும் ஏத்திட்டா வெளிச் சத்தம் செத்துடும். சீட்டுத் துணி எதிரொலியக் குடிச்சுடும். ஏசி போடக் கூடாது, மைக்ல காத்து கேக்கும். உள்ள வெந்து சாகறோம். ஜெராக்ஸ் பனியனோட பின் சீட்டுல லேப்டாப்பைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கான். அக்கா துப்பட்டாவால அவனுக்கு விசிறி விடறா, லேப்டாப் சூடாகாம இருக்க. அவனுக்காக இல்ல.

அப்பா ஒரே கண்டிஷன் போட்டார். "மிர்ரரைத் தொடாதே. சீட்டை நகத்தாதே. அடுத்து ஏறுறவங்க உயரத்துக்கு வெச்சிருக்கேன்."

புதுத் தாளம் நல்லா இருக்கு. கடையில மெஷின்ல பேப்பர் சிக்கிடுச்சாம். டக் — ஷ்ர்ர் — டக் டக். முதலாளி பதறிட்டு ஓடி வர்றார், இவன் "இருங்க சார், எடுத்துடாதீங்க"ன்னு போனை நீட்டிட்டு நிக்கிறான். வேலை போகாம வந்ததே பெரிசு.

மார்ச் 16

ஒரு வரியும் வரல. கோபந்தான் வருது. அதுக்கு எதுகை வரல.

மார்ச் 21

வந்துடுச்சு.

பஸ்ல வந்துட்டிருந்தேன். ஜன்னல் வழியா பாத்தா அப்பா. ரோட்டோரமா நடந்து போறார். ஒரு பெரிய கார் அவர் பக்கத்துல ஸ்லோ பண்ணி ஹாரன் அடிக்குது. உள்ளேர்ந்து எவனோ "சார்..."ன்னு கை ஆட்டறான். அவர்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவனா இருக்கும். அப்பாவும் கையத் தூக்கினார். கார் போயிடுச்சு. அவர் நடக்கிறார்.

எனக்கு ஏதோ மாதிரி ஆயிடுச்சு. இறங்கிப் போய்ப் பேசியிருக்கலாம். இறங்கல. டிக்கெட் பின்னாடியே எழுதினேன்.

ஊரு ரோட்டுல ஓடுது உன்னால —
உன் வண்டி எங்கப்பா? காணல, காணல.

மார்ச் 24

ரெக்கார்டிங் முடிஞ்சுது. ரெண்டு பத்தி முழுக்க அப்பாவ மலை மேல ஏத்தி வெச்சிருக்கேன் — அவர் பொறுமை, ஒரு தடவ கூட ஸ்டூடண்ட்டத் திட்டாதது, எல்லாம். நடுநடுவுல அந்த ரெண்டு வரி. அத அக்கா பாடறா. "காணல, காணல"ன்னு அவ குரல் இறங்கற இடத்துல ஜெராக்ஸே லேப்டாப்ப விட்டுட்டு நிமிந்து பாத்தான்.

அக்கா மட்டும் கேட்டா, "சித்தப்பாகிட்ட சொன்னியா?"

"கேட்டா சந்தோஷப்படுவார்."

"கேட்டாவா, கேட்டியா?"

பாட்டப் பத்திப் பேசறப்ப வாத்தியார் வேலை பாக்காதேன்னுட்டேன்.

ஏப்ரல் 3

பாட்ட நெட்ல போட்டாச்சு. கேட்டவங்க: ஜெராக்ஸ், ஜெராக்ஸோட அம்மா, ஜெராக்ஸோட அம்மா மறுபடியும்.

ஏப்ரல் 12

என்ன நடக்குதுன்னே புரியல. வண்டி ஓட்டத் தெரியாம செவுத்துல இடிக்கிறவன், மாட்டு வண்டிக்கு வழி விடறவன், கார் கழுவுறவன் — எல்லார் வீடியோக்குப் பின்னாடியும் எங்க ரெண்டு வரி. டீக்கடைப் பையன் கிளாஸ் வெக்கிறப்ப "காணல, காணல"ங்கிறான். பஸ்ல ஒரு பாப்பா பாடுது.

ரெண்டு வரி மட்டுந்தான். நான் அப்பாவத் தூக்கி வெச்ச ரெண்டு பத்தியும் எவனும் கேக்கல. வாழைப்பழத்த உரிச்சுத் தோலை மட்டும் தின்ன மாதிரி.

இருக்கட்டும். பேர் வருதுல்ல.

ஏப்ரல் 13

ஜெராக்ஸ் கடையில லீவு கேட்டிருக்கான். இனிமே அவன் கலைஞனாம்.

ஏப்ரல் 18

அப்பா சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு வந்து சொன்னார். "இன்னிக்கு ஒரு பொண்ணு ரிவர்ஸ் எடுத்துட்டே பாடிச்சு. பாடிட்டு, ஐயோ சார், இது உங்களத்தானேன்னு கேட்டுச்சு."

நான் துண்ட எடுத்துக் குடுத்தேன்.

"ஸ்கூல் ஓனரும் கேட்டார். ஏன்பா, நான் சம்பளம் கம்மியாக் குடுக்கிறேன்னு உன் பையன் ஊரக் கூட்டிச் சொல்றானான்னு. சிரிச்சுட்டேதான் கேட்டார்."

"அப்பா, முழுப் பாட்டையும் கேட்டீங்கன்னா —"

"கேட்டேன். நல்லா இருக்கு." துண்ட மடிச்சுத் தோள்ல போட்டுட்டு உள்ள போயிட்டார்.

'நல்லா இருக்கு'ன்னதுக்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அம்மா தட்டு எடுக்கிறப்ப: "வீட்டுல வாய் நிறைய நீங்கன்னு கூப்பிடுவே. பாட்டுல மட்டும் 'உன்'னு போட்டிருக்கே. அங்க என்ன, அப்பா உனக்குத் தம்பியா?"

மத்தியானம் கார் கிடையாதுன்னு அவர் சொல்லல. நான்தான் போகல. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போக?

ஏப்ரல் 25

ஒரு பெரிய கலை நிகழ்ச்சி. ஸ்டேடியத்துல. எங்களக் கூப்பிட்டிருக்காங்க. போன் பண்ணினவர் ரெண்டு தடவ சொன்னார்: "அந்தக் காணல பாட்டுதான். அது இல்லன்னா வேண்டாம்."

சரின்னுட்டேன். போன வெச்சதும் அப்பா ஞாபகம்தான்.

ஏப்ரல் 27

சண்டை. பூங்கா பெஞ்சுல. பக்கத்துல நடக்க வந்த தாத்தாங்க எழுந்து போயிட்டாங்க.

நான் சொன்னேன், அந்தப் பாட்டப் பாட வேண்டாம்னு. ஜெராக்ஸ் எகிறினான். "உங்கப்பாவுக்கு மனசு கஷ்டம், ஒத்துக்கிறேன். எனக்கு வாழ்க்கைடா. நீ படிப்பையும் பாதில விட்டே, இதையும் விடப் போறியா?"

அடிச்சிருப்பேன். அக்கா நடுவுல வந்தா.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. உங்க ராப்ல ஒரு குரூப்பு இன்னொரு குரூப்பக் குத்திப் பாடினா என்ன ஆகும்?"

"அவன் திருப்பிப் பாடுவான்."

"அதான் முறை?"

"அதான் முறை."

"சித்தப்பாவப் பாடினியே. அவர் எதுல திருப்பிப் பாடுவார்? ஸ்டியரிங்லயா?"

ஜெராக்ஸ் தலையக் குனிஞ்சுட்டான். எனக்கு இது ஏன் தோணல? வேற எவனையாவது பாடியிருந்தா பதில் வருமேன்னு பயந்தாவது எழுதியிருப்பேன். அப்பாதானேன்னு எழுதிட்டேன்.

மே 2

வீட்டுல அப்பா பேச மாட்டார். கார்ல பேசித்தான் ஆகணும், அது அவர் பொழப்பு. வகுப்பு நடக்கறப்பவே போய்ப் பின் சீட்டுல ஏறிட்டேன். ஸ்டியரிங்ல ஒரு பல் டாக்டரம்மா. அப்பா திரும்பவே இல்ல. "என் பையன்தான். கண்டுக்காதீங்க. ஃபர்ஸ்ட் போடுங்க."

வண்டி குலுங்கி ஆஃப் ஆச்சு. மறுபடியும் ஆஃப் ஆச்சு.

"அப்பா, அந்தப் பாட்டு —"

"இண்டிகேட்டர்" ன்னார். எனக்கில்ல.

அந்தம்மா வைப்பரப் போட்டுட்டாங்க. கொளுத்தற வெயில்ல வைப்பர் ஓடுது. அப்படியே கேட்டாங்க, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காணல பாட்டு உங்களப் பத்தியா?"

"ஆமா. ரோட்டப் பாருங்க."

"எங்க கிளினிக்ல நர்ஸ் எந்நேரமும் அதான் பாடும். நெஜமாவே ஏன் சார் நீங்க ஒரு வண்டி வாங்கல?"

சீட்டக் கிழிச்சு உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு.

அப்பா சாதாரணமாச் சொன்னார். "நாள் பூரா அடுத்தவங்க கால் எப்ப பிரேக்க மறக்கும்னு பாத்துட்டே உக்காந்திருக்கேம்மா. தூக்கத்துல கூட என் கால் அமுக்குதாம், இவங்கம்மா சொல்லுவா. சாயங்காலம் இறங்கினப்புறம் இன்னொரு தடவ வண்டில ஏறுன்னா அழுதுடுவேன். நடக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச நேரம். யாரும் யாரையும் இடிக்க மாட்டாங்க, நான் என் பாட்டுக்குப் போவேன். சைக்கிள் வருது பாருங்க — சைக்கிள் —"

அவர் பிரேக்க மிதிச்சார். என் மூக்கு முன் சீட்டுல இடிச்சுது. சைக்கிள்காரர் திட்டிட்டுப் போனார்.

"வாங்க முடியாம நடக்கிறேன்னு நினைச்சுட்டான்" ன்னார், அந்தம்மாகிட்டயே. "கிண்டல் பண்ணியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். பரிதாபப்பட்டிருக்கான். அத யார்கிட்ட போய்ச் சொல்ல? செகண்ட் போடுங்க."

அந்தம்மா கண்ணாடில என்னப் பாத்தாங்க. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தம்பி." போட்டது ஃபோர்த்.

வகுப்பு முடிஞ்சதும் கேட்டேன், பதில் பாடறீங்களாப்பா, நாங்க சேத்துக்கிறோம்னு. "எனக்கெதுக்குடா மைக்கு. நீ எழுதினது, நீயே சரி பண்ணு. பண்ணிட்டுக் காட்டு."

மே 6

காட்டினேன். படிக்கக் குடுத்தா கண்ணாடியப் போட்டுட்டு லைசன்ஸ் டெஸ்ட்டுல மார்க் போடற ஆள் மாதிரி உக்காந்துட்டார்.

"'தேஞ்ச செருப்பு'ன்னு போட்டிருக்கே. எங்க தேஞ்சிருக்கு? போன மாசம் வாங்கினது."

"எதுகைக்காகப்பா."

"உன் எதுகைக்கு என் செருப்பத் தேய்ப்பியா? எடு. 'வேர்வை சிந்தி'ங்கிறே. சாயங்காலம் ஜில்லுன்னு காத்து வரும். எடு. 'தனியா நடக்கும் ராஜா'வா... இது யாரு?"

"நீங்கதான்."

"எடு."

அடுப்படில அம்மா சிரிக்கிற சத்தம். கடைசில மிஞ்சினது இவ்வளவுதான்:

நாளெல்லாம் அடுத்தவங்க காலு மேல கண்ணு,
நாலு தெரு என் காலு எனக்கு மட்டும்னு
நடக்கிறேன். வண்டி எங்கன்னு நிக்க வெச்சுக் கேட்டா —
முதல்ல நீ கிளட்ச்ச மிதி, அப்புறம் கேளு பாட்டா.

"இது சரி" ன்னார். அந்தக் கடைசி வரி அவரோடது. நான் எழுதினது வாழ்க்கைல இப்படி வெட்டுப்பட்டதில்ல. வெட்டினப்புறம்தான் பாட்டு மூச்சு விடுது. கடுப்பா இருக்கு.

மே 15

நேத்து ஸ்டேடியம்.

மேடை ஏறுறதுக்கு முன்னாடி அந்தப் போன்காரர் வந்து நின்னார். "ஏதோ மாத்தியிருக்கீங்களாமே. ஜனம் கேட்டத அப்படியே குடுங்க தம்பி. அவங்க சாப்பாட்டுல புதுசா எதையும் போடாதீங்க." ஜெராக்ஸ்தான் பேசினான். நான் எதிர்பாக்கல. "சார், மாத்தினது பாட்டோட சொந்தக்காரர். நாங்க என்ன பண்றது?"

முதல் தடவ அந்த ரெண்டு வரி வந்தப்ப மொத்தக் கூட்டமும் "காணல, காணல". நெஞ்சு எலும்புல அதிருது. எங்கப்பாவத்தான் அத்தன பேரும் கேக்கிறாங்க. அடுத்த பத்திய மறந்துட்டேன். சுத்தமா மறந்துட்டேன். தாளம் மட்டும் ஓடுது, டக் — ஷ்ர்ர் — டக் டக். நான் மைக்கப் பிடிச்சுட்டு மரம் மாதிரி நிக்கிறேன்.

அக்கா கடைக் குரல எடுத்தா. "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. வண்டியைத் தேடுபவர்கள் தேட வேண்டாம். அவர் நடந்து போகிறார். அவருக்கு நடக்கத்தான் பிடிக்கும்."

கூட்டத்துல சிரிப்பு, முன் வரிசைலேர்ந்து பின் வரிசை வரைக்கும் உருண்டு போச்சு. அதுக்குள்ள எனக்கு வரி திரும்பிடுச்சு. அப்பாவோட நாலு வரியும் பாடினேன். தப்பில்லாம. கிளட்ச்சுல கை தட்டினாங்க.

அப்பா வரல. நிகழ்ச்சி நேரம் அவருக்கு வகுப்பு இருந்துச்சு.

மே 23

அப்பா வரி சேத்துப் போட்ட புதுப் பாட்டு முதல் பாட்டளவுக்குப் பரவல. பாதிதான் இருக்கும். பழசும் ஓடிட்டுத்தான் இருக்கு. அத எவனாலயும் இனிமே திருப்பி வாங்க முடியாது. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

ஆனா பல் டாக்டரம்மா லைசன்ஸ் வாங்கிட்டாங்களாம். போறப்ப அப்பாகிட்ட, "இன்னிக்கும் நடையா சார்? குடுத்து வெச்சவர்"ன்னாங்களாம். அத அம்மாகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டார். நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். ரெண்டாவது தடவ கொஞ்சம் சத்தமாச் சொன்னார்.

ஜூன் 11

நாளைக்குக் காலைல வேன். அஞ்சு ஊர், அஞ்சு மேடை. போஸ்டர்ல எங்க பேர் பெரிய எழுத்து. பெரியப்பாவுக்கு அக்கா விஷயம் தெரிஞ்சு வீடு ரெண்டு நாள் குலுங்குச்சு, இப்ப அவரே வேன்ல ஜன்னல் சீட்டு அவளுக்குத்தான்னு கண்டிஷன் போடறார். ஜெராக்ஸ் கடைய விடல, லீவுதான் போட்டிருக்கான். கெட்டிக்காரன்.

காலைல அப்பா செருப்பு மாட்டிட்டே கேட்டார், "எத்தன நாள்?"

"ரெண்டு வாரம்பா."

"ம்." வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினார். "சாயங்காலம் சும்மாதானே இருப்பே. ஸ்கூல் பக்கம் வந்தா சேந்து நடந்து வரலாம். பேசணும்னு இல்ல."

துணி இன்னும் மடிச்சு வெக்கல. அம்மா கத்தறா. இருக்கட்டும். ஸ்கூல் சாத்தற நேரம் ஆயிடுச்சு, அவர் எவனுக்காகவும் நிக்க மாட்டார். போகணும்.