தானாக ஆடிய கால்

ஆகஸ்ட் 26

எனக்கு எழுத்து வராது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது, கேட்டால் திரும்பப் படித்தும் காட்டுகிறது. குவாங்ஜூ நகரத்தில் இருக்கும் மகள் கும்ஹி பழக்கிவிட்டாள்.

இன்று சீட்டில் ஜெயித்தேன். ஊர் மண்டபத்துப் படியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு பான்சொக் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"காலை ஆட்டாதடா. இருக்கிற அதிர்ஷ்டமெல்லாம் உதிர்ந்துடும்."

"நான் எங்கடா ஆட்டறேன்? அதுவா ஆடுது."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மெய்தான். நெஞ்சடிக்கிற தாளத்துக்குப் பாதம் துள்ளிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 27

முழங்காலுக்குப் பின்குழியில் ஓர் உருண்டை. தவளைத் தொண்டை மாதிரித் துடிக்கிறது. பெண்டாட்டியிடம் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 2

பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பியோ என்று ஓர் அம்மா. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் வீங்கிப் பையாகிவிட்டதாம். பைக்குள் ரத்தம் உறைந்து கீழே இறங்கி அடைத்தால் காலே போய்விடும் என்றார்.

சாயங்காலம் கும்ஹி போனில், டாக்டர் என்ன சொன்னார், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று குடைந்தாள். காகிதம் எதற்கு? நான் பொடியனாக இருந்தபோது அடித்த புயலில் யார் வீட்டுக் கூரை யார் வயலில் விழுந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். இதுவா மறக்கும்? ஒப்பித்தேன்.

வழி இரண்டு. ஒன்று, தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, துணி போர்த்திய கம்பிக்குழாயை உள்ளே அனுப்புவது. ரத்தம் அந்தக் குழாய்க்குள் ஓடும், வீங்கிய பை சும்மா கிடக்கும். இரண்டு மூன்று நாளில் வீடு. இன்னொன்று, காலைத் திறந்து, என் தொடையிலிருந்தே ஒரு ரத்த நரம்பை எடுத்து, பையை ஒதுக்கிப் புது வழி தைப்பது. நீளமான காயம், ஆற வாரக்கணக்கு, மயக்க மருந்தைத் தாங்கும் நெஞ்சும் வேண்டும். ஆனால் நரம்பு நல்லதாக அமைந்தால் நெடுநாள் உழைக்கும். கம்பிக்குழாய் அடைத்துக்கொண்டு, மறுபடி வர நேரலாம்.

"துளைதான்பா" என்றாள் கும்ஹி. இவளும் அதையே சொன்னாள்.

செப்டம்பர் 3

பான்சொக் வந்து சட்டையைத் தூக்கினான். போன வருஷம் அவனுக்கு வயிற்று ரத்தக்குழாயில் இதே வீக்கம். துளை வழியாகத்தான் சரிசெய்தார்கள்.

"தழும்பு எங்கன்னு கண்டுபிடி பார்ப்போம். மூணாம் நாள் வீட்டுல உக்காந்து நூடுல்ஸ் தின்னேன்."

தேடினேன். தொப்பைதான் தெரிந்தது.

சரி, துளை. பூண்டு நடவுக்கு முன்னால் வீடு வந்துவிடலாம். இவள் ஒருத்தியால் அத்தனை வயலையும் நட முடியாது.

செப்டம்பர் 9

டாக்டரம்மாவிடம் துளை என்றேன். அதற்கென்ன அவசரம் என்று கேட்டார். பூண்டு நடவு என்றேன்.

"பூண்டு எப்படி நடுவீங்க, பெரியவரே?"

இது தெரியாதவர்களும் இருக்கிறார்களா? செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் குந்தினேன். வாத்து மாதிரி நகர்ந்து நகர்ந்து, கதவிலிருந்து கட்டிலடி வரைக்கும் ஒரு பாத்தி நட்டுக் காட்டினேன். கூட வந்த கும்ஹி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எதிரே தானும் குந்தி, என் முழங்கால் மடிப்பில் விரல் வைத்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இப்படி?"

"விடிஞ்சா அடைஞ்சா இப்படித்தான். சோறும் தரையிலதான்."

"அப்ப நீங்க குந்தும்போதெல்லாம் கம்பிக்குழாயும் சேர்ந்து மடங்கும். மடங்கி மடங்கி ஒரு நாள் முறியலாம், அடைச்சுக்கலாம். நாற்காலியிலயே இருக்கிறவரா இருந்தா, இல்ல நெஞ்சு பலமில்லாதவரா இருந்தா, நானே துளைன்னுதான் சொல்லியிருப்பேன். உங்க நெஞ்சு திடமா இருக்கு, நரம்பும் நல்லா இருக்கு."

பான்சொக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன்.

"வயிறு மடங்காதே, பெரியவரே."

அவன் வயிறு குனிந்தால்கூட மடங்காது. அது வேறு விஷயம்.

ஆக, நடவுக்காக நான் ஓடிவந்து போட்டுக்கொள்ளும் குழாயை அந்த நடவே முறித்துவிடும். இந்த வருஷ நடவா, இனி வரும் நடவெல்லாமா? திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 15

நாளைக்கு. பயமா இருக்கா? இருக்கு. இவகிட்ட சொல்லல. அவளும் எங்கிட்ட சொல்லல.

செப்டம்பர் 18

தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் தையல். வலி இருக்கிறது. நர்ஸ் ஒரு கருவியைப் பாதத்தின் மேல் வைத்தாள். மூங்கில் தோப்பில் காற்றடிப்பது போல உஷ், உஷ் என்றது. அது என் ரத்தம்தானாம். இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன்.

அக்டோபர் 2

வீடு. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. ஆறும்போது அப்படித்தான் இருக்குமாம்.

ஊரே திரண்டு என் வயலை நட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வயல் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேர்ப்பக்கம் கீழே, இன்னும் ஆழமாக, கோணல், கோணல் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பான்சொக் நிமிர்ந்தான். "காலைத் தைச்ச கையோட வாயையும் நாலு தையல் போட்டிருக்கலாம்."

பிப்ரவரி 17

சந்திரப் புத்தாண்டு. அப்பா படத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டேன். முழங்கால் முழுசாக மடங்கியது. தூக்கிவிட வந்தவர்களைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு நானே எழுந்தேன்.

ஜூன் 4

பூண்டு பிடுங்கினோம். இந்தக் கோடியில் குந்தியவன் அந்தக் கோடியில்தான் எழுந்தேன். பான்சொக் நட்ட பாத்தி மட்டும் கோணல். அதையும் நானே பிடுங்கினேன்.

சாயங்காலம் ஊர் மண்டபத்துப் படியில் கால்மேல் கால் போட்டுச் சீட்டாடினோம். எல்லா ஆட்டமும் தோற்றேன். எதிரே உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த பான்சொக் சீட்டைவிட்டு என் பாதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவே இல்லை.

"பாவமா இருக்கு" என்றான். "கொஞ்சம் ஆட்டித்தான் பாரேன்."