பம்புக்கு என்று சொல்லப்பட்ட வளையம்

நேற்று ஓசூரில் ஒரு கண்காட்சி அரங்கில், மேசைமேல் தொட்டுப் பார்க்க வைத்திருந்த ரப்பர் வளையம் ஒன்றைக் கையில் எடுத்தேன். விரல்களில் பழைய கந்தக வாடை ஏறியது. விளிம்பில், நீரைத் தடுக்க உதடுபோல் நீண்ட இரண்டு மடிப்புகள். நீ வரைந்தவை.

பின்சுவரில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் ஏவுகணை உருவான வரலாற்றைப் படங்களாக ஒட்டியிருந்தார்கள். முதலில் தரைக்குழியிலிருந்து ஏவினார்களாம், பிறகு கடலுக்குள் அமிழ்த்திய மேடையிலிருந்து, இறுதியில் கப்பலிலிருந்தே. "ஏவுகுழாயின் வாயில் தொடக்கத்தில் நீர் கசிந்தது. எங்கள் விஞ்ஞானிகள் இரட்டை உதட்டு வளையத்தால் அதைத் தீர்த்தார்கள்" என்றார் விளக்கிய அதிகாரி. எங்கள் என்ற சொல்லை எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்கள்!

நாம் இருவரும் வேலை பார்த்த ரப்பர் தொழிற்சாலைக்கு வந்த வரைபடத்தில் 'நீர் பம்ப் வளையம்' என்றுதான் இருந்தது. இரகசியம் தேவை என்பதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. ஆனால் நீ பொறியாளன். உன் கண்ணை யாரும் கட்ட முடியாது.

"மச்சான், பம்புன்னா தண்ணி உள்ளேருந்துதானே தள்ளும்? வெளியேருந்தும் தாங்கணும்ங்கறான். ஒரு உதடு ஒரு பக்கம்தான்டா தாங்கும். இந்தப் பம்பு எங்க கிடக்கப் போகுது, கடலுக்கு அடியிலயா?"

சிரித்தோம். வளையத்தை ஆய்வு செய்ய வந்த அரசு அதிகாரிகளிடம் அதே கேள்வியை முதலில் கேட்டவன் நான். நீ அதன்பிறகுதான் இரண்டு உதடுகளை வரைந்து நீட்டினாய். வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு, கடல் என்று எப்படித் தெரிந்தது என்ற விசாரணைக்கு உன்னை மட்டும் அழைத்தார்கள். கர்நாடக எல்லையை ஒட்டி ஜூஜுவாடியில் ஏன் குடியிருக்கிறாய், எல்லைக்கு அந்தப் பக்கம் அட்டிபெலேயில் யாரைப் பார்க்கிறாய், வெள்ளிக்கிழமை எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறாய் என்று கேட்டார்கள். "வாடகை கம்மி சார்" என்றாயாம் நீ. நான் போய், முதலில் கேட்டவன் நான்தான் என்றேன். "நீங்க சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டிருப்பீங்க, உக்காருங்க சார்" என்று தேநீர் வரவழைத்தார்கள். என் வாயில் ஆர்வமாக இருந்த கேள்வி உன் வாயில் உளவாகிவிட்டது.

வழக்கு எதுவும் போடவில்லை. நுழைவு அட்டையை மட்டும் பிடுங்கினார்கள். அது போதுமானதாக இருந்தது; அதன்பின் ஓசூரில் எந்த நிறுவனமும் உன்னைச் சேர்க்கவில்லை. காவேரிப்பட்டினத்தில் உன் அண்ணன் கடையில் மோட்டார் வாஷர் விற்றாய். பார்க்க வந்த என்னிடம், "இப்ப நெசமாவே பம்புக்குத்தான்டா விக்கிறேன், எவனும் சந்தேகப்பட மாட்டான்" என்றாய். உன் அண்ணன் சிரித்தார். என்னால் முடியவில்லை. சந்தேகம் தவறு என்று அவர்களே ஒருநாள் சொல்வார்கள் என நீ கடைசிவரை நம்பினாய். சென்ற ஆண்டு அந்த நம்பிக்கையோடேயே அடக்கமானாய்.

நேற்று அந்த அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்மீதான சந்தேகத்தை எழுத்தில் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டேன்.

"அவர் மேல கேஸே இல்லையே சார். எதை வாபஸ் வாங்கறது?"

குற்றம் சாட்டாமலே தண்டித்தவர்கள், குற்றச்சாட்டு இல்லை என்பதையே காரணமாக்கி மன்னிப்பையும் மறுக்கிறார்கள். அந்த மேசை முன்னால் நின்று, இந்த வளையத்தை வரைந்தவன் இவன் என்று உன் முழுப் பெயரைச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், கொஞ்சம் மெதுவா."

இன்னும் உரக்கச் சொன்னேன். கண்காட்சி நாளையும் இருக்கிறது. நான் போவேன்.