பின்வாசல் நிலையில் கரையான்

ஜூன் 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நான் நலம். உன் நலம் தெரிந்துகொள்ளக் கடிதம்தான் வழி. போனில் நீ பாதி நேரம் "ம்" கொட்டுகிறாய். அதற்கு என்ன அர்த்தம் என்று மீதி நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பின்வாசல் நிலையில் உன் கரையான்கள் சௌக்கியம். பக்கத்து வீட்டுத் தச்சர் நேற்று தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது மரம் இல்ல, வெறும் பெயிண்ட்டுதான் நிக்குது. மருந்து அடிச்சிட்டுப் புது நிலை வெச்சிடலாம்" என்றார். "மருந்துப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு வீட்டம்மா உத்தரவு" என்றேன். அவருக்கு ஓர் உதாரணமும் சொன்னேன். கரையானுக்கு மரத்தைத் தின்னத்தான் தெரியும், செரிக்கத் தெரியாது. வயிற்றுக்குள் ஒரு சமையற்கட்டே நடக்கிறது; கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் சமையல்காரர்கள். வயலில் எரித்துத் தொலைக்கிற வைக்கோலை அவர்களைக் கொண்டு எரிவாயுவாகவும் எருவாகவும் மாற்றத்தான் என் மனைவி நாலு வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறாள் என்றேன்.

"சம்பளம் கேக்காத சமையல்காரனா? எனக்கும் ஒண்ணு சொல்லி வையுங்க சார்!"

இரண்டு வருஷம் முன்பு விடுமுறையில் வந்தபோது ஒரு டப்பா நிறைய அள்ளிப்போனாய். அடுத்து எப்போது அள்ள வருகிறாய்?

உன்,
வாத்தியார்

ஜூன் 22

என் வாத்தியாருக்கு,

கேட்டதும் நல்ல சமயத்தில்தான் கேட்டீர்கள். நம் வீட்டுக் கரையானின் வயிற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்பது நாளில் வைக்கோலைக் கரைத்தது. மற்ற புற்றுகளுடையதற்கு மூன்று வாரம் ஆகிறது. ஆனால் இப்போது சாடிக்குள் அவை சோர்ந்துவிட்டன, சில வகைகள் செத்தே போய்விட்டன. வயிற்றுக்கு வெளியே அவற்றால் அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

கரையானும் அப்படித்தான். தோல் உரிக்கும்போது வயிற்றிலிருப்பவையும் போய்விடும். கூட இருப்பவற்றிடம் மறுபடி வாங்கிக்கொள்ள வேண்டும். துணை இல்லாவிட்டால், வயிறு முட்ட மரத்தைத் தின்றுவிட்டுப் பட்டினியில் சாகும். இதை எழுதும்போது எதிரே ஒரே ஒரு தட்டு கழுவி வைத்திருக்கிறேன்.

இங்கே அறுவடை அக்டோபரில். அதற்குள் அதே பின்வாசல் நிலையிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் செப்டம்பரில் நானே வருகிறேன். மரம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
கரையான்காரி

ஜூலை 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

செப்டம்பர்! நாள்காட்டியில் தாளைப் புரட்டிப் பார்த்தேன், பக்கத்தில்தான் இருக்கிறது. திரைச்சீலைகளைத் துவைத்தாயிற்று. உன் மேசை டிராயர் இறுகிக்கொள்கிறது என்பாயே, சோப்புத் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நிலையைப் பற்றிக் கவலைப்படாதே. தினம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வந்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு.

உன்,
வாத்தியார்

ஆகஸ்ட் 11

என் வாத்தியாருக்கு,

அனுமதி கிடைத்துவிட்டது. செப்டம்பர் 20 கிளம்புகிறேன். பத்து நாள் இருப்பேன். பயணச்சீட்டு ஆய்வகத்துச் செலவு. வடக்கே காட்டுக்குப் போய் வேறு புற்றுகளைத் தேடலாம் என்று கூட வேலை செய்பவர்கள் கிளம்பினார்கள். நான்தான், "எங்க வீட்ல நிச்சயமா இருக்கு" என்று தடுத்து நிறுத்தினேன். என் வாக்கை நம்பி நாற்பது விவசாயிகள் வைக்கோலை எரிக்காமல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். நிலையில் காதை வைத்துத் தட்டுங்கள். சரசரவென்று சத்தம் கேட்டால் கூட்டம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கேட்டு எழுதுங்கள்.

உங்கள்,
கரையான்காரி

ஆகஸ்ட் 24

டாக்டரம்மாவுக்கு,

காதை வைத்தேன். நன்றாகக் கேட்கிறது. கிளம்பி வா.

வாத்தியார்

செப்டம்பர் 8

அன்புள்ளவளே,

இந்தக் கடிதம் நீ கிளம்பும் முன் வந்து சேர வேண்டும். போனில் நாலு தரம் சொல்ல ஆரம்பித்தேன்; நாலு தரமும் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன்.

நிலையில் கரையான் இல்லை. ஜூலைக் கடைசியிலேயே இல்லை. ஈரம் வேண்டும் என்றாய், ஊற்றினேன். நீ வருகிறாய் என்றதும் இன்னும் ஊற்றினேன். அடித்தளம் முழுக்க ஊறி வெள்ளைப் பூஞ்சை பூத்துவிட்டது. போன வாரம் தச்சரும் நானும் நிலையைப் பெயர்த்துப் பார்த்தோம், தோட்டத்தைக் கொத்திப் பார்த்தோம், எங்கேயும் ஒன்றுகூட உயிரோடு இல்லை. பள்ளியில் ஒரு வருஷம் நாலு பசங்களைச் செடி வளர்க்கச் சொன்னபோது, அதிகம் பிரியப்பட்டுத் தண்ணீர் ஊற்றியவன் செடிதான் முதலில் அழுகியது. அதை மற்றவர்களுக்கு உதாரணமாகச் சொன்னவன் நான்.

காதை வைத்தேன் என்று எழுதியது உண்மை. கேட்டது என்று எழுதியது பொய். இல்லை என்று தெரிந்தால் நீ வரமாட்டாய் என்று பயந்துவிட்டேன்.

வாத்தியார்

நவம்பர் 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் செப்டம்பர் 17ஆம் தேதி வந்தது. பயணத்தை ஆய்வகம் ரத்து செய்தது. காட்டுக்குப் போகிற நாளும் கடந்துவிட்டது. போன வாரம் நாற்பது பேரும் வயலுக்குத் தீ வைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது; அடுத்த விதைப்புக்கு நிலம் வேண்டும். மூன்று நாள் புகையில் இருமிக்கொண்டே வேலைக்குப் போனேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தண்ணீர் ஊற்றியதற்குக் கோபம் இல்லை. ஜூலையிலேயே சொல்லியிருந்தால் எல்லாருக்கும் ஒரு வழி இருந்திருக்கும்.

நான் வரமாட்டேன் என்று பயந்தீர்களாம். நீங்கள் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. "இங்க வந்துடுங்களேன்" என்று எத்தனை தரம் கேட்டேன்? "வீட்டை யார் பாத்துக்கறது?" என்றீர்கள். எப்போதும் நான்தான் வர வேண்டுமா?

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

ஜனவரி 19

அன்புள்ளவளே,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு மாதம் பதினேழு நாள் எழுதவில்லை.

போன மாதம் விசா அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "எதுக்குப் போறீங்க சார்?" என்றார்.

"மனைவிகிட்ட மன்னிப்புக் கேக்க."

"ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லையே சார். குடும்பத்தைப் பாக்கன்னு போட்டுக்கறேன்." முத்திரை குத்திவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "என் வீட்லயும் இப்படித்தான், சார். அவ இருக்கிற இடம் பஸ்ல முக்கால் மணி நேரம்தான். இன்னும் போகல."

வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்றேனே, தச்சரிடம் சாவியைக் கொடுக்க இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயந்தது வீட்டுக்காக அல்ல. அங்கே உனக்கு வேலை, ஆட்கள், பெயர் எல்லாம் இருக்கிறது. எனக்கு நீ மட்டும்தான் இருப்பாய். உன் வாசலில் ஒன்றும் தெரியாதவனாக நிற்கப் பயந்தேன். இப்போது நிற்கத் தயார். உன் ஆட்கள் காட்டுக்குப் போகும்போது மண்வெட்டி தூக்க ஆள் வேண்டுமானால் வருகிறேன். வேண்டாம் என்றால் அந்த ஒரு தட்டைக் கழுவி வைக்கிறேன்.

விசா இன்று கைக்கு வந்தது. பயணச்சீட்டு இன்னும் வாங்கவில்லை.

முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் கேள்வி கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் விடை தெரிந்துகொண்டுதான் கேட்டேன். இதற்குத் தெரியாது.

நான் வரலாமா?