எனது குரலைக் கோழி அறுக்கும் இயந்திரத்திலிருந்து நீக்கித் தரக் கோருதல்

அனுப்புநர்:
மு. ஸெய்னுதீன்,
(ஓய்வுபெற்ற கோழி அறுப்பாளர்),
இல. 14, ஆலடி வீதி,
குறிஞ்சாக்கேணி, கிண்ணியா.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

விடயம்: கப்பல்துறை ‘நீலக்கரை’ கோழி, பன்றி இறைச்சிக் கம்பனி எனது குரலையும் பெயரையும் வைத்து மக்களை ஏமாற்றி வருவது

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி கம்பனியில் இருபத்தொன்பது வருடம் கோழி அறுத்தவன். வயது அறுபத்தாறு. கோபம் ஆறிய பின் எழுதலாம் என்று இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. இந்த மனுவில் எங்காவது சொல் தடித்திருந்தால் அது தங்களை நோக்கியதல்ல என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்.

2. 1994இல் இந்தக் கம்பனி என்பது ஒரு தகரக் கொட்டிலும் ஒரு தண்ணீர்ப் பீப்பாவும்தான். நாளொன்றுக்கு நாற்பது கோழி. கிண்ணியாப் பாலம் இல்லாத காலம். பாதைப் படகில் துறையைக் கடந்து, அங்கிருந்து சைக்கிளில் போவேன். கத்தியோடு சோதனைச் சாவடிகளைத் தாண்ட ஏலாது என்பதால் முதலாளியே கத்தியைத் தீட்டிக் கொட்டிலில் வைத்திருப்பார். அவர் சைவ சமயத்தவர். கிண்ணியாச் சனம் நம்பிச் சாப்பிட வேண்டுமென்றால் கிண்ணியா ஆள்தான் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும் என்று என்னைத் தேடி வந்தவர். ஒவ்வொரு கோழிக்கும் அறுக்கிறவனே வாயால் இறைவன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் முறை. அதை அவருக்கு ஒரு தடவைதான் சொன்னேன்.

3. நாற்பது நானூறாகி, நானூறு நாலாயிரமானது. குளிர் அறை வந்தது, லொறிகள் வந்தன, என்னோடு எட்டுப் பேர் அறுத்தார்கள். யுத்தம் முடிந்து ஹோட்டல்கள் பெருகியபோது, 2011இல் பன்றிப் பிரிவும் தொடங்கப்பட்டது. தொடங்குமுன் முதலாளி என் வீட்டுக்கு வந்து, கதிரையில்கூட உட்காராமல் விடயத்தைச் சொன்னார். வேறு கட்டடம், வேறு வாசல், வேறு வடிகான், வேறு சப்பாத்து என்று வாக்குக் கொடுத்தார். பன்றி சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், அதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. 2019இல் கண்மூடும் வரை அந்த மனிதர் வாக்குத் தவறவில்லை.

4. பின்னர் மகன் இராகுலன் பொறுப்பேற்றார். இரண்டு கட்டடமும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும் மிஞ்சியது. 2023இல் எனது வலது மணிக்கட்டு இயலாமல் போக, வேலையை விட்டேன். கேக் வெட்டினார்கள், சுவர்க் கடிகாரம் தந்தார்கள். அன்றுதான், புதிதாக வரும் பொடியன்களுக்குப் பிஸ்மி உச்சரிப்புப் பழக்க வேண்டும், கையடக்கத் தொலைபேசியில் சொல்லித் தாருங்கள் என்று இராகுலன் கேட்டார்.

5. இங்கே எனது பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பெருமை பிடித்தது. தொழுகைக்குப் போல முகம், கை, கால் கழுவி வுழூச் செய்துகொண்டு வந்து உட்கார்ந்து, பதினொரு நிமிடம் சொன்னேன். வெறும் கைதான், ஆனால் பழக்க தோஷத்தால் ஒவ்வொரு தடவைக்கும் இடையில் அடுத்த கோழியைத் தூக்கும் நேரம் விட்டுவிட்டே சொன்னேன். கடைசியில் இரண்டு தடவை இருமினேன். அழித்துவிட்டுத் திரும்பச் சொல்லவா என்று கேட்டேன். பரவாயில்லை, இது போதும் என்றார்.

6. அடுத்த மாதமே இயந்திரம் வந்தது. எட்டு அறுப்பாளர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் வெளியூர்க்காரர் என்பதால் இது எனக்குத் தெரியவரவில்லை. பெட்டிகளில் ‘ஸெய்னுதீன் அவர்களின் மேற்பார்வையில் அறுக்கப்பட்டது’ என்று தொடர்ந்து அச்சடிக்கப்பட்டதை, பழைய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் முனீபின் கோழிக்கடையில் நின்று, பயப்படாமல் வாங்குங்கள் என்று இரண்டு வருடம் நானே சனத்துக்குச் சொன்னேன்.

7. கடந்த செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தபோது பன்றிப் பிரிவு மேற்பார்வையாளர் தவராசா என் வாசலில் நின்றார். கொடுத்த தேநீரைக் குடிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “நானா, உங்கட குரல் இன்னும் வேலைக்கு வருகுது. மிசின் ஓட ஓட ஸ்பீக்கரில போடுறாங்கள். கோழிப் பக்கம் மட்டுமில்ல, எங்கட பக்கமும் கேக்குது. நாங்கள் பண்டி வெட்டேக்க உங்கட பிஸ்மி. என்னால ஏலாமப் போச்சு, வயரைப் பிடுங்கிப்போட்டன்.” அதற்காகத் தவராசா இடைநிறுத்தப்பட்டு, இன்றுவரை வீட்டில் இருக்கிறார்.

8. மறுநாள் கப்பல்துறைக்குப் போனேன். நான் கொட்டிலாகக் கண்ட இடத்தில் காவலாளி என்னை நாற்பது நிமிடம் கேற்றுக்கு வெளியே நிறுத்தினார். வயரைத் திரும்பப் பூட்டிவிட்டார்கள். என் குரலை நானே கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கோழிக்கென்று நான் விட்ட இடைவெளியில் அந்த இயந்திரம் பன்னிரண்டு கோழி அறுக்கிறதாம். இராகுலன் வெளியே வரவில்லை. அது இணையத்தில் விலைக்கு வாங்கிய பொதுவான குரல், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பினார்.

9. ஆகவே, முன்னறிவித்தல் இன்றி அவ்விடத்தைப் பரிசோதிக்கவும், எனது குரலை நிறுத்திப் பதிவை அழிக்கவும், பெட்டிகளிலிருந்து எனது பெயரை அகற்றவும், நடந்ததை எமது பிரதேசத்துப் பள்ளிவாசல்களிலும் கடைகளிலும் கம்பனியின் செலவிலேயே அறிவிக்கவும், தவராசாவை வேலையில் மீளச் சேர்க்கவும் உத்தரவிடுமாறு கேட்கிறேன். எனக்கென்று நட்டஈடு ஒரு சதமும் வேண்டாம். முனீபின் கடைக்கு முன்னால் நான் திரும்பவும் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

10. குரல் என்னுடையதல்ல என்று கம்பனி தங்களிடமும் சாதிக்கக்கூடும். தாங்கள் பெரிய விசாரணை நடத்தத் தேவையில்லை. கேற்றடியில் பதினொரு நிமிடம் நில்லுங்கள். முடிவில் ஒருவன் இரண்டு தடவை இருமுவான். அது நான்தான். அழித்துவிடவா என்று கேட்டவனும் நான்தான்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து நிற்கும்,

மு. ஸெய்னுதீன்
(கையொப்பம்: வலது கை இயலாததால் இடது கையால் இடப்பட்டது)

இடம்: குறிஞ்சாக்கேணி
திகதி: 2025.11.17